கிளைட்டனின் சாக்ஸ்

முழங்கால் வரை ஏறும் கப்பல்காரச் சாக்ஸ் ஒன்றுக்குள் ஒன்றரைக் கிலோ ஸ்டெபிலைசர் தூளைக் கொட்டி, வாயை இறுக்கிக் கட்டினாள் எமில்டா. கொல்லையில் இருந்த நீச்சல்குளத்தில், மோட்டார் தண்ணீரைத் திருப்பித் தள்ளும் துவாரத்துக்கு நேராக அதைத் தொங்கவிட்டாள். சாக்ஸ் அவள் கணவன் கிளைட்டனுடையது. குளமும் அவன் கப்பலில் ஓடிச் சம்பாதித்துக் கட்டியதுதான். தண்ணீர்தான் முருங்கைக்கீரை அலசியது மாதிரிக் கிடந்தது.

குளத்தைத் தெளியவைக்க இது மூன்றாவது முயற்சி. முதல் இரண்டு தடவையும் வெறும் குளோரின் போட்டுத் தோற்றாள்; கொழுந்தன் டெரன்ஸ் மாடியில் நின்று மூக்கைப் பொத்தினான். அண்ணன் தம்பிக்குப் பொதுவான மனை. குளத்தை மூடி குடோன் கட்ட வேண்டும் என்பது அவன் கனவு. போன ஞாயிறு கெடு வைத்துவிட்டான். "மதினி, வார ஞாயித்துக்கெழம தண்ணி பச்சையா கெடந்துச்சுன்னா மண்ணடிச்சிருவேன். அண்ணன்கிட்டயும் பேசிட்டேன்." கிளைட்டனும் போனில் இழுத்தான், "அவன் சொல்லுததும் சரிதான, எமி."

கடலுக்கு முன்னூறு அடியில் பிறந்து, கணுக்காலுக்கு மேல் கடல் நனையாமல் ஐம்பது வயதைத் தொட்டவள் அவள். அந்தத் தெருவில் கடலுக்குள் போவது ஆண்கள். கரையில் நின்று ஜெபமாலை உருட்டுவது பெண்கள். குளம் வந்த பிறகுதான் அவளுக்கு மிதக்கத் தெரிந்தது. அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. சாக்ஸைத் தொங்கவிடுவதற்கு முந்தின நாள், பச்சைத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு நேரே வன்னியபெருமாள் அண்ணாச்சியின் நீச்சல்குள மருந்துக் கடைக்குப் போயிருந்தாள்.

"காலைல குளோரின் போடுதேன் அண்ணாச்சி. மத்தியானம் பாத்தா இருந்த இடம் தெரியல."

"வெறும் குளோரினப் போட்டா நம்மூரு வெயிலு தின்னுட்டுல்லா போவும்? ஸ்டெபிலைசர் போட்டாத்தான் நிக்கும். லேசுல கரையாது, துணியில கட்டித் தொங்கவிடுங்க. அது கரையுத வரைக்கும் தண்ணியில எறங்காதீங்க. கூடப் போட்டுட்டா தண்ணிய எறைச்சுத்தான் ஆவணும், பாத்துக்கிடுங்க."

புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் கையுறை மாட்டிக்கொண்டு சாக்ஸைப் பிசைந்துவிட்டாள். வேளை தவறாமல் குளோரின் போட்டாள். சுவரையும் தரையையும் தேய்த்தாள். தோள் கழன்றுவிடும் போல் வலித்தது. டெரன்ஸை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே தேய்த்ததில் வலி கொஞ்சம் மறந்தது.

ஞாயிறு பூசை முடிந்து வந்தபோது வாசலில் மண் லாரி நின்றது. வெள்ளைச் சட்டையோடு கொல்லைக்கு வந்த டெரன்ஸ் குளத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான். அடித்தரையின் நீல ஓடுகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். தண்ணீருக்குள் மெலிந்து தொங்கிய வெள்ளைச் சாக்ஸையும் அதன் நுனிக்குள் மிஞ்சியிருந்த வெள்ளைத் தூளையும் கண்டதும் அவன் குரல் இறங்கியது.

"மதினி... அந்தோணியார் கோயில் உப்பா? மந்திரிச்சதா?" நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான். "முன்னாலயே சொல்லிருக்கலாம்லா. மந்திரிச்ச உப்பு கெடக்குத எடத்துல எவனாச்சும் மண்ணடிப்பானா? லாரியத் திருப்பிரச் சொல்லுதேன்."

வாயை மூடிக்கொண்டிருந்தால் குளம் தப்பிவிடும். எமில்டாவுக்கும் அது தெரியும். ஆனால் மூன்று நாள் தோள் வலியைப் புனிதர் கணக்கில் எழுத அவளுக்குச் சம்மதமில்லை. அந்தோணியார் கோபித்துக்கொள்ள மாட்டார். அவருக்கு வேறு வேலை இருக்கிறது.

சாக்ஸை அவிழ்த்து வெளியே எடுத்து, அவன் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினாள். "நல்லாப் பாரு. ஒங்க அண்ணன் சாக்ஸு. உப்புமில்ல, மந்திரமுமில்ல. மருந்து. நான் போட்டேன், நான் தேச்சேன்."

டெரன்ஸ் முகம் சிவந்தது. "மருந்துதானா? அப்பம் நாளைக்கே திரும்பப் பச்சையாயிரும். லாரி போவாது."

வாசலிலிருந்து லாரிக்கார ஜேசுபாதம் குரல் கொடுத்தான். "அண்ணாச்சி, மண்ண எங்கன தட்ட?"

எமில்டா சாக்ஸைப் பிழிந்து கொடியில் போட்டாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். பூசைக்குக் கட்டிய பட்டுச் சேலையின் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"எம்மேலேயே தட்டச் சொல்லு," என்று சொல்லிவிட்டுக் குதித்தாள்.

டெரன்ஸின் வெள்ளைச் சட்டை தொப்பலாக நனைந்தது. ஆழப் பக்கத்தில், நீல ஓடுகளுக்கு மேலே, சேலை உப்பி விரிய அவள் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தாள். கொடியில் சாக்ஸ் சொட்டிக்கொண்டிருந்தது. வாசலில் லாரி அணையாமல் உறுமிக்கொண்டு நின்றது.