ஒன்றை அழுத்தவும்

அம்மாவைச் சுமந்துகொண்டு, ஈமச்சடங்கு மண்டபம் நடத்தும் பிளெவின்ஸின் ஆட்கள் சமையலறைக் கதவில் இடிபடாமல் திரும்ப முயன்றுகொண்டிருந்தபோது, வெர்னாவின் ஏப்ரன் பையிலிருந்த அம்மாவின் போன் அடித்தது.

“இது ஹாலிஸ்டர் கவுண்டி சிறையிலிருந்து வரும் அழைப்பு,” என்றது இயந்திரப் பெண்குரல். கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் ஒரே சுருதியில் பேசக்கூடிய குரல். “உங்களை அழைக்கும் கைதி...”

அந்த இடத்தில் கைதி தன் பெயரைச் சொல்வதற்கு ஒரு மூச்சு இடைவெளி விடுவார்கள். தம்பி லான்னி உள்ளே போன நாளிலிருந்து அங்கே பெயரைச் சொன்னதே கிடையாது.

“அம்மா, சாப்டியா?”

“...அழைப்பை ஏற்க ஒன்றை அழுத்தவும்.”

வெர்னா கட் பண்ணினாள்.

பண்ணிய பிறகுதான் என்ன செய்தோம் என்பது உறைத்தது. அல்லது அப்போதே தெரிந்திருந்ததோ என்னவோ. ஸ்ட்ரெச்சர் அதற்குள் கதவைத் தாண்டிவிட்டது, அம்மாவின் போர்வை நுனி தாழ்ப்பாளில் மாட்டிக்கொண்டது, அதை எடுத்துவிட வேண்டியிருந்தது.

இது அம்மாவும் தம்பியும் சேர்ந்து சிறைச்சாலையை ஏமாற்றக் கண்டுபிடித்த வழி. ஒன்றை அழுத்தினால் காசு ஓட ஆரம்பித்துவிடும். அழுத்தாவிட்டால் செலவில்லை. அதனால் காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை லான்னி அந்த இடைவெளியில் எதையாவது சொல்வான். அம்மா முழுவதையும் கேட்டுவிட்டுக் கட் பண்ணுவாள். கட் பண்ணினால் ‘நல்லா இருக்கேன்’ என்று அர்த்தம். எடுக்காமல் விட்டால் ‘ஏதோ சரியில்லை.’

ஆக, அம்மா செத்து ஒரு மணி நேரம் கழித்து, தான் நல்லா இருப்பதாகத் தம்பிக்குச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

“யாருடீ போன்ல?” என்றாள் மர்ட்டில் சித்தி. அம்மாவின் தங்கை. அழுது முடித்துவிட்டு, ஃபிரிட்ஜில் இடம் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். சாவு வீட்டுக்குப் பண்டங்கள் வர ஆரம்பிக்கும் நேரம் அவளுக்குத் தெரியும்.

“ராங் நம்பர் சித்தி.”

“ஓலீட்டாக்கா கடைசியா எதாவது சொன்னாளா? பாஸ்டர் கேப்பாரு. பிரசங்கத்துல வைக்கணுமில்ல.”

“கர்த்தரைக் கூப்பிட்டாங்க,” என்றாள் வெர்னா.

அம்மா கடைசியாகச் சொன்னது “ஒண்ணை அமுக்குடி” என்பது. போன் அடிக்கவே இல்லை. வெர்னா அம்மாவின் வாயோரம் துடைத்துக்கொண்டிருந்தாள். அம்மா அவள் முகத்தைப் பார்க்காமல், அவள் தோளுக்குப் பின்னால் மேஜைமேல் இருந்த போனைப் பார்த்து, “ஒண்ணை அமுக்குடி, இன்னைக்குப் பேசிடறேன்” என்றாள். பிறகு பேசவில்லை. யாரிடமும்.

ஆறு வருஷமாக அம்மாவைக் குளிப்பாட்டியவள் வெர்னா. அதற்காக டாலர் கடை வேலையை விட்டாள். வேலையை விட்ட பிறகு அந்த வேலையைப் போலவே சுமாராக இருந்த காதலனும் அவளை விட்டான். இவற்றையெல்லாம் அம்மா ஒரு மழையைப்போல எடுத்துக்கொண்டாள், பெய்கிறது, பெய்யட்டும். லான்னி ஒரு இலையை அசைத்தால் மட்டும் அது அதிசயம்.

அவன் அசைத்தது இலை அல்ல. பெத்தேல் சபையின் ஏசி எந்திரத்தைப் பிரித்து, உள்ளே இருந்த செம்புக் குழாயை அறுத்து விற்றுவிட்டான். அன்றிலிருந்து சபையில் ஞாயிறுதோறும் எல்லோரும் அட்டை விசிறியால் விசிறிக்கொண்டு ஆண்டவரைத் துதித்தார்கள். அம்மா மட்டும், “அவன் வெளியில வர்ற வரைக்கும் எனக்கு வேர்க்காது” என்று ஒருமுறைகூட விசிறவில்லை. சபை அதைப் பெரிய விசுவாசம் என்றது.

அம்மாவின் தலைமாட்டில் பைபிளும் அதன்மேல் சிறைச்சாலையின் கையேடும் இருக்கும். அதன் முன்னட்டையில் கொடி, உள்ளட்டையில் ஜெயிலர் ஹோபர்ட் ஸ்டைஸ், பின்னட்டையில் கொடியும் ஹோபர்ட் ஸ்டைஸும். தன் ரத்த அழுத்த மாத்திரை எந்த நிறம் என்பது அம்மாவுக்கு நினைவிருக்காது. வெர்னாவின் பிறந்தநாளும். ஆனால் கையேடு தலைகீழ்ப் பாடம். உள்ளாடை வெள்ளை மட்டும், பாக்கெட் பிரிக்காதது. புத்தகம் கடையிலிருந்து நேராக வர வேண்டும். கடிதம் கிடையாது, போஸ்ட்கார்டு மட்டும். அதில் ஸ்டிக்கர், வாசனைத் திரவியம், எச்சில் கூடாது. ஒருமுறை அம்மா உதட்டுச் சாயத்தோடு கார்டில் முத்தமிட்டு அனுப்ப, அது ‘மாசுபட்டது’ என்று முத்திரை குத்தி வந்தது. அதை அவள் ஃபிரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டினாள், பரிசுப் பத்திரம் போல. இடுப்புப் பட்டையில் மெல்லிய நீலக் கோடு இருந்ததற்காகத் திரும்பி வந்த ஜட்டிகளை மாற்ற வெர்னா இரண்டு ஊர் தாண்டிக் கார் ஓட்டினாள்.

அம்மாவின் கை நடுங்க ஆரம்பித்த பிறகு கார்டும் வெர்னாதான் எழுதினாள். அம்மா சொல்லச் சொல்ல.

“‘என் கண்ணே’ன்னு போடு.”

“போட்டாச்சு.”

“‘என் உசுரே’ன்னு போடு.”

“ரெண்டும் ஒண்ணுதாம்மா. எடம் பத்தாது.”

“சின்னதா போடு. ‘வெர்னா வச்ச சூப்புல இன்னைக்கும் உப்பு ஜாஸ்தி. நீ இருந்தா வாய்க்கு ருசியா எதாவது வாங்கிட்டு வந்திருப்பே.’”

வெர்னா எழுதினாள். அவளே வைத்த சூப்பைப் பற்றி, அவளுடைய அழகான சாய்வெழுத்தில். ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக, தினம் ஒருமுறை, அவள் தம்பியைக் கண்ணே என்று கூப்பிட்டிருந்தாள். அந்தச் சொல்லை யாரும் அவளுக்கு எழுதியதில்லை.

மத்தியானத்துக்குள் பண்டங்கள் வந்து நிறைந்தன. யார் பாத்திரம் என்று தெரிவதற்காக ஒவ்வொன்றின் அடியிலும் டேப் ஒட்டிப் பெயர் எழுதியிருந்தது. ஜெயிலர் ஹோபர்ட் ஸ்டைஸ் கொண்டுவந்த மசாலா முட்டைத் தட்டில் மட்டும் பெயர் அடியில் இல்லை. விளிம்பைச் சுற்றி, நான்கு பக்கமும் இருந்தது. ஜெயிலர் பதவிக்கு நவம்பரில் தேர்தல்.

“தங்கச்சி,” என்று வெர்னாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “ஓலீட்டாம்மா மாதிரி ஒரு கைதியோட அம்மாவை நான் பார்த்ததே இல்லை. கையேட்டை முழுக்கப் படிச்ச ஒரே ஆளு அவங்கதான். அச்சுப் பிழைகூட சொல்லி விட்டாங்க.”

“உங்க பேர்லதான் பிழை, ஜெயிலர் ஐயா.”

“அதேதான்.” அவர் குரலைத் தாழ்த்தினார். “பையனுக்கு இன்னும் யாரும் சொல்லலை. விதிப்படி எங்க போதகர்தான் சொல்லணும். அதுக்கு நீங்க கூப்பிட்டுச் சொல்லணும். அப்புறம், அவன் வந்து பாக்கணும்னா, அதுவும் நெருங்கின சொந்தம் கேட்டாத்தான். இப்போ அது நீங்கதான்.”

“வந்தா எங்களோட உக்காருவானா?”

“அதெப்படி! பொதுஜனம் இருக்கற எடத்துக்குக் கைதியைக் கொண்டுவர முடியுமா? பிளெவின்ஸ்கிட்ட சொல்லி மண்டபத்தைக் காலி பண்ணுவோம். அரை மணி நேரம். அவனும் அம்மாவும் மட்டும். நம்ம ரெண்டு காவலர் வாசல்ல. குடும்பத்தார் யாரும் கட்டடத்துக்குள்ள இருக்கக்கூடாது.”

“நானும்?”

“நீங்களும்தான் தங்கச்சி. கார் நிறுத்தற எடத்துல இருங்க, நிழல் இருக்கு.” பிறகு, இது தன்னுடைய தனிப்பட்ட கருணை என்பதுபோல, “காவலர் கூலி மட்டும் முன்னாடியே கட்டணும்” என்றார். போகும்போது சோபாமேல் ஒரு கட்டு அட்டை விசிறி வைத்துவிட்டுப் போனார். சபைக்கு. ஒவ்வொன்றிலும் அவர் முகம், கீழே: ‘உறுதியான கை. கனிந்த இதயம்.’

“பாத்தியாடீ,” என்றாள் மர்ட்டில் சித்தி, அவர் கார் கிளம்புமுன்னே. “சபையில திருடினவனுக்குத் தனி தரிசனம். பீத்துணி அலசினவளுக்குக் கார் நிறுத்தற எடம்.”

“நான் கேட்டாத்தானே சித்தி.”

“கேக்காதே! கேக்காட்டி யாரு என்ன சொல்லப்போறா? செத்தாவது அவ உன்கூட இருக்கட்டும்.”

வெர்னா விசிறிக் கட்டைத் தூக்கி ஓரமாக வைத்தாள். அந்த அரை மணி நேரத்தை நினைத்துக்கொண்டிருந்தாள். ஆறு வருஷத்தில் அம்மாவும் அவளும் மட்டும் இருந்த நேரம் எவ்வளவோ. ஆனால் அந்த அறையில் எப்போதும் மூன்றாவதாக ஒருவன் இருந்தான். இப்போது முதல்முறையாக, அடக்கம்வரை அவன் இல்லாத இரண்டு நாள் அவள் கைக்கு வந்திருக்கிறது. அம்மாவால் இனி அவன் பெயரைச் சொல்ல முடியாது. பிளெவின்ஸின் மண்டபத்தில், பூ வாசனையில், ஒரே ஒரு பிள்ளை பெற்றவள்போல அம்மா படுத்திருப்பாள்.

சாயங்காலம் போன் அடித்தது. பக்கத்து வீட்டுக்காரிகள் போய்விட்டிருந்தார்கள். சித்தி பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். வெர்னா போனைக் காதில் வைத்துக்கொண்டு கொல்லைப்படியில் இறங்கினாள்.

“உங்களை அழைக்கும் கைதி...”

“அம்மா, கோவமா?”

வெர்னாவுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. அம்மா எப்போதும் இயந்திரம் தன் விதிகளையெல்லாம் சொல்லி முடிக்கும்வரை மரியாதையாகக் கேட்டுவிட்டுத்தான் கட் பண்ணுவாள். காலையில் வெர்னா பாதியில் வெட்டியிருந்தாள்.

அவள் கட் பண்ணவில்லை. ஒன்றையும் அழுத்தவில்லை. இயந்திரம் மறுபடி முதலிலிருந்து சொன்னது. அம்மா, கோவமா? மூன்றாவது முறையும் சொன்னது. பிறகு தானாகவே அறுந்துபோனது.

படியில் நின்றபடியே அவள் ஹோபர்ட் ஸ்டைஸைக் கூப்பிட்டாள். “போதகரை இப்பவே அனுப்புங்க,” என்றாள். “அவன் வந்து பாக்கட்டும். கூலியைக் கட்டிடறேன்.” உள்ளே வந்தபோது சித்தி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, துடைத்த பாத்திரத்தையே மறுபடியும் துடைத்தாள்.

மறுநாள் முழுக்கப் போன் அடிக்கவில்லை.

அடக்கத்தன்று காலை, பிளெவின்ஸ் மண்டபத்தின் பின்னால், சொன்னதுபோலவே நிழல் இருந்தது. வெர்னா கறுப்பு உடையில் கார் சீட்டில் உட்கார்ந்து ஹோபர்ட் ஸ்டைஸின் முகத்தால் விசிறிக்கொண்டிருந்தாள். சிறை வேன் வந்தது. முதலில் ஜெயிலரே இறங்கினார். தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு, மாவட்டப் பத்திரிகையின் போட்டோக்காரர் லென்ஸ் மாற்றி முடிக்கும்வரை அப்படியே துக்கத்தில் நின்றார். பிறகு லான்னி. ஆரஞ்சு உடை. காலில் ரப்பர் செருப்பு, சங்கிலி. உள்ளே எடையேறி, கன்னம் உப்பியிருந்தது. அம்மா அவன் சிறைக் கணக்கில் போட்ட காசெல்லாம் நூடுல்ஸாகவும் தேன் பன்னாகவும் அங்கே சேர்ந்திருந்தது. அவன் கார்கள் நிற்கும் பக்கம் திரும்பிப் பார்க்க முயன்றான். காவலர் தோளைத் திருப்பினார். அதுவும் ஒரு விதி.

“குண்டாயிட்டான் படுபாவி,” என்றாள் சித்தி. அவள் குரல் உடைந்திருந்தது.

கதவு மூடியது. வெர்னா மூடிய கதவையே பார்த்தாள். அவளிடம் சொல்லாத எதையாவது அம்மா அவனுக்காக மிச்சம் வைத்திருப்பாள் என்றும், இப்போது அதைச் சொல்லிக்கொண்டிருப்பாள் என்றும் தோன்றியது. பைத்தியக்கார நினைப்பு. ஆனாலும் விசிறி நின்றுபோயிருந்தது.

அரை மணி நேரம் முடியுமுன்பே அவனை வெளியே கொண்டுவந்தார்கள். வேன் போனது. பிளெவின்ஸ் கையைப் பிசைந்தபடி காருக்கு வந்தார். துக்கத்தைத் தொழிலாகச் செய்பவர். அன்று தொழில் மறந்திருந்தது.

“அழுதானா?” என்றாள் சித்தி.

“இல்லீங்க. தொடக்கூடாதுன்னு காவலர் சொன்னாரு, தொடலை. சும்மா நின்னாரு. அப்புறம் பெட்டிப் பக்கத்துல நாம வச்சிருக்கோமே, பிறந்த தேதி, இறந்த தேதி, நேரம் போட்ட அட்டை, அதை எடுத்துப் படிச்சாரு. ரெண்டு மூணு தடவை. ‘இது சரியான நேரமா?’ன்னு கேட்டாரு. ஆமான்னேன்.” பிளெவின்ஸ் வெர்னாவைப் பார்த்தார். “‘அதுக்கப்புறம்கூட எங்கம்மா நல்லா இருக்கேன்னு சொன்னாங்களே’ன்னாரு. துக்கத்துல என்னென்னமோ பேசுவாங்க, பாவம். அதுக்கப்புறம் போலாம்னுட்டாரு.”

வெர்னா விசிறியை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

சபையில் பாஸ்டர் ஓலீட்டாவின் கடைசி வார்த்தையைப் பற்றிப் பிரசங்கித்தார். மூச்சடங்கும் வேளையிலும் கர்த்தரைக் கூப்பிட்ட நாவு. எல்லோரும் தலையசைத்தார்கள், விசிறினார்கள். நூறு ஹோபர்ட் ஸ்டைஸ்கள் ஆமோதித்தார்கள். வெர்னா முதல் வரிசையில் வேர்த்துக் கொட்டி உட்கார்ந்திருந்தாள். விசிறவில்லை. மகளுக்கும் அதே விசுவாசம் என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள்.

சாயங்காலம் சித்தியும் கிளம்பிப் போனாள். போகும்போது, “எதையாவது தின்னுடீ” என்று அதட்டிவிட்டுத்தான் போனாள். பாத்திரங்கள் கழுவி, அடியிலிருந்த பெயர் தெரியும்படி மேஜையில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. ஜெயிலரின் தட்டில் இரண்டு முட்டை மிச்சம். வெர்னா நின்றபடியே ஒன்றை எடுத்து முழுசாக வாயில் போட்டுக்கொண்டாள். காலையிலிருந்து அதுதான் முதல் வாய்.

மேஜைமேல் போன் அடித்தது.

“இது ஹாலிஸ்டர் கவுண்டி சிறையிலிருந்து வரும் அழைப்பு. உங்களை அழைக்கும் கைதி...”

இடைவெளி முழுக்க ஒன்றும் வரவில்லை. மூச்சு மட்டும். அது முடியப்போகும் தறுவாயில், அவசரமாக:

“அக்கா, சாப்டியா?”

இயந்திரம் அதன் விதிகளை ஒவ்வொன்றாக, நிதானமாகச் சொல்லிக்கொண்டு போனது. வெர்னா ஒரு விரலை ஒன்றின்மேல் வைத்துக்கொண்டு, வாயிலிருந்ததை அவசர அவசரமாக மென்றாள்.