அலறல் முடியுமுன் பொன்னாடை

ஒலிப்பதிவின்போது இருந்தவர்கள்: கிட்டாருடன் துரைராசு, அவனது விதைநெல் கிடங்கின் நடுவே ஸ்டூலில். மைக்செட் கடை சலாஹுதீன், கம்ப்யூட்டரோடு கதவோரம். எங்களுக்கு ட்ரில் எடுத்து ஓய்வுபெற்ற தர்மாம்பாள் டீச்சர், மைக்கின் முன் நாற்காலியில். படிப்பு மன்றச் செயலாளரான நான், மூட்டைமேல், மடியில் பொன்னாடையோடு.

துரைராசு சென்னையில் முப்பது வருஷம் ஹெவி மெட்டல் எனும் அதிரடி ராக் இசைக் குழுக்களில் வாசித்துவிட்டு ஒரத்தநாடு திரும்பியவன். அறுபதை நெருங்கும்போது தன் பெயரில் முதல் ஆல்பம். ஏழு பாட்டு முடிந்தது. எட்டாவதன் முடிவில் ஓர் அலறல் வேண்டும். சென்னைப் பாடகர்கள் அனுப்பியது எதுவும் அவனுக்குப் பிடிக்கவில்லை.

"இதெல்லாம் தொண்டை கமறுற சத்தம்டா. நம்ம டீச்சர் அட்டேன்ஷன் சொன்னா ரோட்டுல போற மாடு நிக்குமே, அது வேணும்."

திருத்துறைப்பூண்டியிலிருந்து டீச்சர் வந்தார். அலறினார். எதிரொலி அடங்கச் சுவரில் தொங்கவிட்ட சாக்குகள் அதிர்ந்தன. குரல் அடங்குவதற்குள் நான் எழுந்து, கைதட்டி, பொன்னாடையைப் போர்த்திவிட்டேன். எங்கள் மன்றத்தில் பொன்னாடைதான் கடைசி நிகழ்ச்சி. போர்த்தப்பட்டவரை மறுபடி வேலை வாங்கும் வழக்கம் இல்லை. டீச்சர் கும்பிட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

சலாஹுதீன் போட்டுக் காட்டினான். அலறல், அதன்மேல் என் கைதட்டல், பிறகு என் குரல்: "மன்றத்தின் சார்பாக..."

"அண்ணே, பாடுனவங்க ரெண்டு பேருன்னு போட்டுருவமா?"

"சிரிக்காத சலா. அந்தக் குரல் இல்லேன்னா பாட்டே இல்ல. பதினஞ்சாம் தேதி ஆல்பத்த அனுப்பியாகணும்" என்று துரைராசு தலையில் கைவைத்தான்.

டீச்சருக்குப் போன் செய்தோம்.

"மரியாதை பண்ணி அனுப்பிட்டுத் திரும்பக் கூப்பிட்டா என்ன அர்த்தம்? நான் சரியா கத்தலன்னா? எதுவா இருந்தாலும் எழுத்துல குடுங்க." வைத்துவிட்டார்.

'தொழில்நுட்பக் காரணங்களால்' என்று கடிதத்தைத் தொடங்கினேன். துரைராசு எட்டிப் பார்த்தான்.

"நீ கைதட்டுனது எந்தத் தொழில்நுட்பம்டா?"

கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன்:

'மதிப்பிற்குரிய டீச்சருக்கு, தங்கள் குரலில் குறை ஏதுமில்லை. அது முடியுமுன் கைதட்டிக் கெடுத்தவன் நான். எட்டாம் வகுப்பு ஓட்டப்பந்தயத்தில் விசிலுக்கு முன்பே ஓடியவனும் நான்தான். வியாழன் காலை பத்து மணிக்கு இன்னொரு முறை வர வேண்டுகிறோம். நான் கிடங்குக்கு வெளியே நிற்பேன்.'

"கையக் கட்டிக்கிட்டுன்னு சேரு" என்றான் துரைராசு.

சேர்த்தேன். இருவரும் கையெழுத்திட்டோம். உறையைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டி, தபால் வண்டி கிளம்புமுன் விரைவு அஞ்சலில் சேர்த்தேன்.