பதிமூன்றாவது டூலிப்

மார்ச் 17, புதன். இன்று ஒரு சின்னத் தவறு தெரியவந்தது. தேர்வு நாளுக்காக வானிலை பார்த்தேன், பஸ் நிற்கும் இடம் பார்த்தேன், ஒப்பாத்தோவ் கோட்டை வாசலின் படிகளைக்கூட எண்ணினேன். தேதியை மட்டும் பார்க்கவில்லை. மார்ச் 19 யூசெஃப் நாள். மதியச் சாப்பாட்டுக்கு நான் சொல்லியிருப்பது யூசெஃப் வீட்டில்.

இவ்வளவையும் எழுதி முடித்த போக்னா, 'சின்ன' என்ற சொல்லை ஒரு கோடு போட்டு அடித்தாள். அடித்தது மிகையோ என்று தோன்றவே, அதன் மேலேயே மறுபடி 'சின்ன' என்று எழுதினாள். அவள் சுபாவம் அப்படி. பகலில் ஆப்பிள் குளிர்கிடங்கில் பெட்டிக்கு எண் ஒட்டும் வேலை. அங்கேயும் ஒட்டிய எண்ணை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பெட்டிக்குப் போவாள்.

சந்தோமியெஷ் ஊரில் பெயர்நாளுக்கு, அதாவது தன் பெயர் கொண்ட புனிதரின் திருநாளுக்கு, யாரும் யாரையும் அழைப்பதில்லை. அழைக்காமலே வருவார்கள், வராவிட்டால்தான் சண்டை. யூசெஃப் என்று பெயர் வைத்துக்கொண்டவன் பத்தொன்பதாம் தேதி காலையில் கதவைத் திறந்து வைத்துவிட்டு, நடப்பது நடக்கட்டும் என்று உட்கார்ந்துவிட வேண்டியதுதான். இறைச்சியும் குடியும் விலக்கிய தவக்காலம் அன்றைக்கு மட்டும் கண்ணை இறுக மூடிக்கொள்ளும். இது மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரியும். எட்டு மாதம் மாலை வகுப்பில் உட்கார்ந்து ஊர்ச் சரித்திரம் படித்த போக்னாவுக்குத்தான் மறந்துபோயிற்று.

அந்த வகுப்பு சுற்றுலா வழிகாட்டிகளுக்கானது. முடிவில் ஒரு தேர்வு: நிஜமான பயணிகளை மூன்று மணி நேரம் ஊரைச் சுற்றிக் காட்டி, உள்ளூர்ச் சாப்பாடு போட்டு, சொன்ன நேரத்துக்குப் பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டும். நூற்றுக்கு எழுபது எடுத்தால் சான்றிதழ், கோடை முழுக்க வேலை. எடுக்காவிட்டால் அடுத்த மார்ச் வரை ஆப்பிளோடு குளிரில் நிற்க வேண்டும். மதிப்பெண் போடுபவர் ஆசிரியர் ரெமிகியுஷ். அவரிடம் ஆதாரம் இல்லாமல் இன்றைக்கு மழை என்றுகூடச் சொல்ல முடியாது. இடிந்த கட்டடம் எதைக் காட்டினாலும் படையெடுத்து வந்த ஸ்வீடன்காரன் இடித்தான், கொள்ளையடித்தான் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வது இந்த நாட்டு வழிகாட்டிகளின் குலவழக்கம். ரெமிகியுஷ் அதற்குத் தனியாக மதிப்பெண் குறைப்பார். ஸ்வீடன்காரன் முந்நூற்று எழுபது வருடத்துக்கு முன்னால் செய்த பாவமே போதும், ஊராட்சி செய்ததையும் அவன் தலையில் கட்டாதீர்கள் என்பார்.

பதினெட்டாம் தேதி கிடங்கிலிருந்து நேராக யூசெஃப் வீட்டுக்கு ஓடினாள். ஆற்றங்கரைத் தெருவில் கீழ்வீடு. முன்னறையில் மூன்று மேஜை போட்டு யூசெஃபும் அவர் மனைவி தெக்லாவும் சாப்பாடு போடுகிறார்கள். விஸ்துவா ஆற்றில் முப்பது வருடம் மணல் வாரும் படகு ஓட்டியவர் என்பதால், யூசெஃப் எதிர்க்கரைக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவார். போக்னா தயங்கித் தயங்கி, தேர்வுக்கு வரும் பன்னிரண்டு பயணிகளையும் வேறு இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. பெயர்நாளில் என் வாசல் வரை வந்தவர்களைத் திருப்பி அனுப்பினான் யூசெஃப் என்று நாளைக்கு ஊர் பேசவா என்று கேட்டார்.

"கூட்டிட்டு வா. ஆனா அன்னிக்கு நான் கடைக்காரன் இல்ல, வீட்டுக்காரன். காசு கொடுத்தா மூஞ்சில விட்டெறிவேன். விருந்தாளியா வரச் சொல்லு. விருந்தாளி வெறுங்கையோட வரமாட்டான்ல?"

சமையலறையில் தெக்லா வேறொரு வருத்தத்தில் இருந்தாள். பீப்பாயில் முட்டைகோஸ் புளித்துக்கொண்டிருந்தது. அதை அமுக்க ஒரு தட்டும், தட்டின் மேல் துருப்பிடித்த தராசுப் படிக்கல் இரண்டும், அதற்கும் மேல் யூசெஃபின் பழைய பூட்ஸ் ஒன்று பையில் சுற்றியும் வைத்திருந்தாள்.

"எங்கம்மா கொடுத்த உருண்டைக் கல்லு ஜம்முனு உக்காந்திருக்கும், கண்ணு. இந்த மனுஷன் அதைத் தூக்கிட்டுப் போயி சுவத்துல பதிச்சு, பீரங்கிக் குண்டுங்கறாரு. இருபத்தாறு வருஷமா நான் பூட்ஸ வச்சுக் கோஸ் போடறேன்."

போக்னா முன்னறைச் சுவரை எட்டிப் பார்த்தாள். யூசெஃப் வீட்டு முன்னறைச் சுவரில் பதித்த 'ஸ்வீடன் குண்டு' ஊருக்கே தெரியும். ஆறு வருடத்துக்கு முன்னால், ஊரைப் பற்றிய சிறு பிரசுரம் ஒன்றில் ரெமிகியுஷ் ஒரே ஒரு வரி எழுதினார்: ஆற்றங்கரைத் தெரு வீடொன்றில் காட்டப்படும் குண்டுக்கு ஆதாரம் ஏதுமில்லை. அந்தப் பிரசுரத்தில் நாற்பது பிரதி யூசெஃபின் அடுப்பில் எரிந்தது. அன்றிலிருந்து ஆறு பெயர்நாளுக்கு ரெமிகியுஷ் அந்த வாசலை மிதிக்கவில்லை. ஆதாரம் இல்லை என்றுதான் அவருக்குத் தெரியும். அது என்ன கல் என்று தெரியாது. இப்போது போக்னாவுக்குத் தெரியும். தெரியாமலே இருந்திருக்கலாம் என்று அன்று இரண்டு பக்கம் எழுதினாள்.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸிலிருந்து பன்னிரண்டு பேர் இறங்கினார்கள். க்தீனியா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி ஸ்தெஃபானியா என்ற பெருத்த அம்மாள், பாரந்தூக்கி ஓட்டியவள், எதையும் தூக்கிப் பார்த்துத்தான் நம்புவாள். ஒப்பாத்தோவ் வாசலில் போக்னா அதைக் கட்டிய வருடத்தை ஐம்பது வருடம் முன்னதாகச் சொன்னாள். கூடவே வந்த ரெமிகியுஷின் பென்சில் அசைந்தது: ஆறு மதிப்பெண் போயிற்று. ஊசிக்காது என்கிற சுவர்ச் சந்துக்குள் ஸ்தெஃபானியா பாதியில் நின்றுவிட, பின்னாலிருந்து நாலு பேர் தள்ளினார்கள். ஊசிக்காதில் நுழைய வேண்டிய பைபிள் ஒட்டகத்தின் கஷ்டம் இப்போதுதான் புரிகிறது என்றாள் அவள். மற்றபடி சுற்று சுமாராகவே போயிற்று.

பெரிய சதுக்கத்தில் போக்னா ஆளுக்கொரு டூலிப் வாங்க வைத்தாள். தானும் ஒன்று வாங்கினாள். அவள் கையில் ஏற்கெனவே கசகசா கேக் இருந்ததால், யூசெஃப் வீட்டு வாசலில் அந்தப் பூவை ரெமிகியுஷிடம் நீட்டினாள்.

"நான் பரீட்சை வைக்க வந்தவன். விருந்துக்கு வரல" என்றார் அவர்.

"சரி சார். அப்ப பன்னெண்டு பூதான் உள்ள போகும்."

ரெமிகியுஷ் பூக்களை எண்ணினார். கதவு திறந்திருந்தது, உள்ளே ஏற்கெனவே பத்துப் பதினைந்து பேர். இரட்டைப்படையில் பூ எடுத்துப்போவது இந்த நாட்டில் சவத்துக்கு மட்டும்தான். ஆதாரம் கேட்கிற மனிதர்தான், ஆனால் இதற்கு அவரும் ஆதாரம் கேட்கவில்லை.

"ஏன் சார், மனுஷன் உயிரோட இருக்கும்போதே புதைக்கணுமா?" என்றாள் ஸ்தெஃபானியா பின்னாலிருந்து.

அவர் டூலிப்பை வாங்கிக்கொண்டார். வரிசையில் கடைசி ஆளாக யூசெஃபின் முன் போய் நின்று, மூக்குக்கு நேராகப் பூவை நீட்டி, நல்லாயிருக்கணும் என்று முணுமுணுத்தார். யூசெஃப் பூவைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், ஆறு வருடம் லேட் என்று மட்டும் சொல்லி, முன்னாலிருந்த செர்ரி மதுவை அவர் பக்கம் தள்ளினார்.

அதற்குப் பிறகு நேரம் என்பது போக்னாவின் கையை விட்டுப் போய்விட்டது. புளித்த மாவுச் சூப் ஷூரெக் வந்தது, முட்டையும் தொத்திறைச்சியும் மிதக்க. வெங்காயத்தோடு எண்ணெயில் ஊறிய மீன் வந்தது. கோஸும் காளானும் திணித்த பியெரோகிக் கொழுக்கட்டை தாம்பாளம் தாம்பாளமாக வந்தது. தட்டில் இரண்டு மிச்சமிருந்தால் தெக்லா நாலு போட்டாள். தட்டைக் காலி செய்தால் பசி என்று எடுத்துக்கொண்டு ஆறு போட்டாள். ஒவ்வொரு விருந்தாளி நுழையும்போதும் எல்லோரும் எழுந்து வாழ்த்துப் பாட்டை முதலிலிருந்து பாடினார்கள். பஸ் கிளம்பவேண்டிய நேரம் தாண்டி இருபது நிமிடம் ஆனபோது போக்னா கடிகாரத்தைப் பார்த்தாள். நாற்பது நிமிடம் ஆனபோது பார்ப்பதை விட்டுவிட்டாள். நேரத்துக்கான இருபது மதிப்பெண்ணும் பியெரோகியோடு சேர்ந்து வயிற்றுக்குள் போயிற்று.

அப்போதுதான் யூசெஃப் எழுந்து சுவரைத் தட்டினார். ஸ்வீடன் படை ஆற்றைத் தாண்டி வந்தது, இந்த வீட்டைக் குறிவைத்துச் சுட்டது, வீடு அசையவில்லை என்று எதிர்க்கரைக்கும் கேட்கும்படி சொன்னார். சொல்லிவிட்டு ரெமிகியுஷை ஒரு பார்வை பார்த்து, போக்னா பக்கம் திரும்பினார்.

"நீ படிச்ச பொண்ணு. சொல்லு. எல்லார் முன்னாடியும் சொல்லு, இது என்ன?"

ரெமிகியுஷ் பென்சிலை எடுத்தார். குண்டு என்று சொன்னால் ஆதாரமில்லாத கதைக்கு இருபது குறையும். சான்றிதழ் அங்கேயே முடிந்தது. இல்லை என்றால், பெயர்நாளில் ஒரு மனிதரின் உப்பைத் தின்று அவர் மேஜையிலேயே அவரைப் பொய்யனாக்கியதாகும். அதுவும் மதிப்பெண்ணுக்காக என்று ஊர் சொல்லும். எப்படிச் சொன்னாலும் தப்பு என்றே போக்னாவுக்குத் தோன்றியது. தெக்லாவைப் பார்த்தாள். தெக்லா கரண்டியை அந்தரத்தில் பிடித்தபடி, ஏதோ இருபத்தாறு வருடமாகக் காத்திருந்த பஸ் தெருமுனையில் தெரிகிற மாதிரி நின்றாள்.

"இது தெக்லா அத்தையோட முட்டைகோஸ் பீப்பாய்க் கல்லு, மாமா" என்றாள் போக்னா.

 ஸ்தெஃபானியா தட்டைப் பார்த்தாள்.

"அப்ப இந்தக் கோஸு?"

"பூட்ஸ வச்சு அமுக்கினது" என்றாள் தெக்லா. "அந்தக் கல்லா இருந்தா இன்னும் ருசியா இருக்கும்."

ஸ்தெஃபானியா எழுந்து போய்ச் சுவரிலிருந்த கல்லைத் தடவிப் பார்த்தாள். இந்த வாரத்தில் மட்டும் மூன்று ஊரில் மூன்று ஸ்வீடன் குண்டு காட்டிவிட்டார்கள், ஒன்றைக்கூட யாரும் படம் எடுக்கவில்லை, கோஸ் கல்லைச் சுவரில் பதித்த ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றாள். பிறகு யூசெஃபைக் கல்லுக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தாள். மற்ற பதினொரு பேரும் வரிசையில் நின்றார்கள். யூசெஃப் ஐந்து படம் வரை முறைத்துக்கொண்டிருந்தார். ஆறாவதில் மீசையைத் தடவிவிட்டுக்கொண்டார்.

ஆனால் ரெமிகியுஷ் விடவில்லை. கல்லுக்கு எழுத்து ஆதாரம் உண்டா என்று கேட்டார். தெக்லாவின் வாய் தவிர வேறில்லை என்று போக்னா ஒப்புக்கொண்டாள். அதற்கு ஐந்து குறைத்தார். கூட்டினார். அறுபத்தொன்பது.

போக்னா மூன்று தடவை கூட்டிப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது.

"ஒண்ணு குறையுதா?" என்றார் யூசெஃப். அவளை ஏறெடுத்துப் பார்க்காமல், ரெமிகியுஷிடம் சொன்னார்: "என் பேர்நாளன்னிக்கு என் வீட்லேர்ந்து யாரும் வெறுங்கையோட போனதில்ல. இவ என்னைக் கவுத்துட்டா, அது வேற கணக்கு."

"மார்க்கு பியெரோகி இல்ல, அள்ளிப் போடறதுக்கு."

"உன் சட்டத்துல ஏதாவது ஓட்டை இருக்கும். தேடு."

ரெமிகியுஷ் பைக்குள்ளிருந்து விதிப்புத்தகத்தை எடுத்து, செர்ரி மதுவை ஒரு மடக்குக் குடித்துவிட்டுப் புரட்டினார். பதினாலாவது விதி: பார்வையிடத்துக்கு ஒரு பெயர்ப்பலகை எழுதிக்கொடுத்தால் கூடுதலாக ஐந்து வரை போடலாம். இதுவரை யாரும் கேட்டதில்லை. உடனே மூன்று பேரும் நிபந்தனை போட்டார்கள். ஸ்வீடன் என்ற சொல் பலகையில் இருந்தே ஆக வேண்டும் என்றார் யூசெஃப். ஒரு பொய்கூட இருக்கக்கூடாது என்றார் ரெமிகியுஷ். பலகை சுவரில் இருக்கட்டும், அடுத்த கோஸ் போடும் அக்டோபரில் கல் பீப்பாய்க்கு வந்துவிட வேண்டும் என்றாள் தெக்லா.

பஸ் இரண்டு மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது.

மார்ச் 19, வெள்ளி. யூசெஃப் மாமா என்னிடம் பேசவில்லை. ஆனால் கிளம்பும்போது பியெரோகிப் பொட்டலம் கொடுத்தார். இருபத்திரண்டு இருந்தது. தவறுகள்: ஒப்பாத்தோவ் வாசல் வருடம், கடிகாரம், தேதி. கல்லைப் பற்றிச் சொன்னது தவறா என்று தெரியவில்லை. அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. பலகைக்கு இதுவரை ஒரு வரி கிடைத்திருக்கிறது: "ஸ்வீடன்காரர்கள் எடுத்துக்கொண்டு போகாத கல்." பொய் இல்லை என்றே நினைக்கிறேன்.

நாளை: காலை ஒன்பது மணிக்குள் பலகையை ரெமிகியுஷ் சாரிடம் கொடுக்க வேண்டும். அதற்கு முன் தெக்லா அத்தையிடம் போய், அவர் அம்மா பெயரையும் பீப்பாய் எந்த வருடத்தது என்பதையும் கேட்டு எழுதி, கையெழுத்து வாங்க வேண்டும்.