ஞாயிற்றுக்கிழமை வெடி

கரிமலைக் கோட்டையில் முன்பு காவலுக்கு மூன்று பேர் இருந்தார்கள். இப்போது பரமசிவன் ஒருத்தர்தான். ஞாயிறுதோறும் பகல் பன்னிரண்டு மணிக்குப் பீரங்கியில் குண்டில்லாமல் வெறும் வெடிமருந்தைக் கெட்டித்து ஒரு வெடி வெடிக்க வேண்டும். வெள்ளைக்காரன் வைத்த வழக்கம். அவன் கப்பலேறிவிட்டான், மழையிலும் பனியிலும் நிற்கிறவர் பரமசிவன்.

சீசனில் நாலு பேர் வந்து காதைப் பொத்திக்கொண்டு செல்ஃபி எடுப்பார்கள். மற்ற நாளில் ஈ, காக்காய் கிடையாது. மனைவி கருப்பம்மா போய்ச்சேர்ந்தபிறகு பேச்சுத்துணைக்கும் ஆளில்லை. எதிர் மலையில், கட்டபெட்டு என்ற ஊரில், கட்டிக்கொடுத்த மகள் கோகிலவாணி இருந்தாள். வெடித்த கையோடு அவளுக்குப் போன் போடுவார்.

"கேட்டுச்சா தாயி?"

"கேட்டுச்சுப்பா. ஜன்னலே ஆடிப்போச்சு."

அவ்வளவுதான். பெற்ற பெண்ணுக்குச் சும்மா போன் போட்டு நலம் விசாரிக்க அந்த மனுஷனுக்கு அப்படி ஒரு கூச்சம். அந்த அரை நிமிஷப் பேச்சை வைத்துக்கொண்டே ஒரு வாரத்தை ஓட்டிவிடுவார். அதனாலேயே வெடி தவறக்கூடாது என்று உயிரை விடுவார்.

அன்றைக்குத் தவறிவிட்டது. மூன்று நாள் மூடுபனியில் மருந்து ஈரம் குடித்திருந்தது. திரி புஸ்ஸென்று அடங்கியது. வெடிக்காத பீரங்கியை அரைமணி நேரம் நெருங்கக்கூடாது. உள்ளே நெருப்பு மிச்சமிருந்தால் ஆளையே தூக்கிவிடும். பரமசிவன் தள்ளிப்போய்ச் சுவரோரம் உட்கார்ந்தார். சத்தம் வரவில்லையே, அப்பனுக்கு என்ன ஆச்சோ என்று மகள் பதறுவாளே! அவசரமாகப் போனை எடுத்தார்.

அவர் வாயைத் திறக்குமுன் அவளே சொன்னாள். "கேட்டுச்சுப்பா! இன்னிக்கு நல்ல சத்தம்."

பரமசிவனுக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னிக்கு வெடிக்கவே இல்லையே தாயி."

அந்தப் பக்கம் தையல் மிஷின்கள் வரிசையாக ஓடுகிற சத்தம்தான் வந்தது.

"நாங்க திருப்பூர் வந்து நாலு மாசமாச்சுப்பா. அவருக்கு எஸ்டேட்ல வேலை இல்லேன்னுட்டாங்க. இங்க ரெண்டு பேருமே பனியன் கம்பெனிக்குப் போறோம், ஞாயித்துக்கிழமையும் வேலை."

பரமசிவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நாலு மாதமாக வெறும் பனிக்கா வெடித்துக்கொண்டிருந்தார்? இத்தனை பெரிய மலையில் தான் ஒற்றை ஆள் என்பது அப்போதுதான் உறைத்தது.

"பின்னே எதுக்கு வாராவாரம் கேட்டுச்சு, கேட்டுச்சுன்னு பொய் சொன்னே?"

"கேக்கலைன்னு சொன்னா, அப்புறம் எதுக்குப்பா நீங்க எனக்குப் போன் போடப்போறீங்க?"

பரமசிவன் எழுந்து, போனைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"மத்தியானத்துக்கு என்ன கொழம்பு வெச்சே?" என்று கேட்டார்.