நீல மையில் நான்கு வரி

மகள் பின்னறையில் தரையில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள். கூடத்தில் அவளுடைய அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். வண்டி மூன்று மணிக்கு வரும்.

அவன் கதவருகே நின்றான். காலையிலிருந்து யார் யாரோ வந்து கையைப் பிடித்தார்கள், விட்டார்கள். எல்லோருக்கும் தலையாட்டினான். யாரெல்லாம் வந்தார்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

"குட்டி, இப்ப எதுக்கு இது?"

"இன்னைக்கு வியாழக்கிழமைப்பா. நாளைக்கு ஷூ செக் பண்ணுவாங்க."

"நாளைக்கு நீ போக வேண்டாம்."

பிரஷ் நின்றது. ஒன்பது வயது முகம் அவனை நிமிர்ந்து பார்த்தது.

"அப்ப லெட்டர்?"

அவனுக்குப் பின்னாலேயே வந்துவிட்ட அவன் அக்கா தலையில் கைவைத்துக்கொண்டாள். "பெத்தவ கூடத்துல கிடக்கா, இது ஷூவைத் தேய்ச்சுக்கிட்டு லெட்டருங்குது. புள்ளைய மிஷினாக்கி வச்சிருக்கானுங்கடா. முதல்ல அங்கருந்து எடு. எங்க தெருவுலயே ஒரு ஸ்கூல் இருக்கு. எப்ப வேணா போகலாம், எப்ப வேணா வரலாம். திங்கக்கிழமையே நான் கூட்டிட்டுப் போறேன்."

"சரிக்கா," என்றான்.

இரண்டு வருடமாக அவன் சொல்லிவந்ததும் அதுதான். ஒவ்வொரு முறையும் மனைவியிடம் தோற்றான். இன்று எதிர்த்துப் பேச ஆள் இல்லாததால் ஜெயித்துவிட்டான்.

அந்தப் பள்ளிக்கு அவன் வைத்த பெயர் ஜெயில். காலை ஏழே முக்காலுக்குக் கேட்டைச் சாத்தினால் சாத்தியதுதான். சாப்பாட்டு டப்பாவை அவரவரே கழுவ வேண்டும். ஒரு நாள் லீவு என்றாலும் பெற்றவர்கள் கைப்பட, நீல மையில், மார்ஜின் விட்டு, நான்கு வரிக்கு மிகாமல் கடிதம் எழுத வேண்டும். காரணத்தை உள்ளது உள்ளபடி சொல்ல வேண்டும். போனில் சொன்னால் செல்லாது. ஒருமுறை அவன் தூங்கிப்போய், இரண்டு நிமிடத் தாமதத்தில் கேட்டுக்கு வெளியே நின்று, மகளைத் திரும்ப அழைத்துவந்தான். மனைவி பேனாவை எடுத்து எழுதினாள். "காரணம்: குழந்தையின் தந்தை தூங்கிவிட்டார்."

"இப்படியா எழுதுவ? மானத்த வாங்குறியே."

"பொய் எழுதக் கூடாதாம்ப்பா. ஜெயிலர் உத்தரவு."

மனைவி சிரித்தாள். அப்போது அவளுக்குச் சிரிக்க மூச்சு இருந்தது.

அவனால் பொறுக்க முடியாத விதி ஒன்று உண்டு. அவரவர் தலையை அவரவரே பின்னிக்கொள்ள வேண்டும். ஏழு வயதில் மகள் கண்ணாடி முன் நின்று, கை வலிக்க வலிக்கப் பின்னி, அவிழ்த்து, அழுது, மறுபடி பின்னுவாள். மனைவி கட்டிலில் இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு பார்த்தபடி இருப்பாள். "ரெண்டு நிமிஷ வேலை. நீ பின்னி விட்டா கொறஞ்சா போயிடுவ?" என்று ஒரு நாள் கத்தினான். "ஸ்கூல் ரூல்ப்பா," என்றாள், மகளின் பின்னந்தலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஒரு மணிக்குத் தலைமையாசிரியை வந்தார். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் அளவுகோல். ஆளும் அப்படித்தான், நேர்கோடு. கூடத்தில் வெகுநேரம் நின்றார். அவர் உள்ளே வந்ததும் அழுதுகொண்டிருந்தவர்கள்கூடக் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பிறகு வாசலுக்கு வந்து அவன் எதிரே நின்றார்.

"குழந்தை திங்கக்கிழமை வரட்டும் சார். லெட்டர் குடுத்து அனுப்புங்க."

அன்று காலையிலிருந்து முதல்முறையாக அவனுக்கு ஏதோ உறைத்தது. கோபம்தான்.

"என்ன நடந்திருக்குன்னு உங்க கண்ணால பாத்துட்டீங்க. எழுதி வேற காட்டணுமா?"

"எல்லாப் பிள்ளைங்களுக்கும் அதான் சார்."

"எல்லாத்துக்கும் ஒரு ரூல் வச்சிருக்கீங்க. ஷூவுக்கு ரூல், டப்பாவுக்கு ரூல். ஏழு வயசுப் புள்ள தலைய அவளே பின்னணும்னு ஒரு ரூல். ரெண்டு வருஷமா பெத்தவ கையக் கட்டிப் போட்டுட்டீங்க. கடைசிவரைக்கும் அவளுக்கு அந்தப் புள்ள தலையத் தொட்டுப் பின்னக் குடுத்து வைக்கல."

அவர் புருவத்தைச் சுருக்கினார்.

"தலை பின்றதுக்கா? அப்படி ஒரு ரூல் எங்ககிட்ட கிடையாதே."

அவன் அவரை ஏறிட்டுப் பார்த்தான்.

"பின்னியிருக்கணும், அவ்வளவுதான். எங்க ஸ்கூல்ல முக்காவாசிப் பேருக்கு அவங்க அம்மாதான் பின்னி விடுறாங்க. யார் சொன்னா உங்களுக்கு?"

அவன் திரும்பிக் கூடத்தைப் பார்த்தான். அவரும் அவன் பார்த்த இடத்தைப் பார்த்தார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், டாக்டர் அவளுக்கு நாள் கணக்குச் சொன்ன மறுநாள், அவன் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தபோது, அவள் தனியாக வெளியே போய் ஒரு விண்ணப்பப் படிவத்துடன் திரும்பினாள். இப்போது எதற்கு ஸ்கூல் மாற்றுகிறாய் என்று கேட்டான். நல்ல ஸ்கூல்ப்பா என்றாள். அதற்கு மேல் அவனும் கேட்கவில்லை.

"சேர்க்க வந்தன்னைக்கு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க," என்றார் தலைமையாசிரியை. குரல் இறங்கியிருந்தது. "எது நடந்தாலும் இவள மத்த பிள்ளைங்க மாதிரியே நடத்துங்க, பாவம் பாத்து எதையும் விட்டுக்குடுக்காதீங்கன்னு. எல்லாரும் சலுகை கேட்டு வருவாங்க. இவங்க வேண்டாம்னு கேட்டாங்க. ஏன்னு நான் கேக்கல. எனக்கும் இன்னைக்கு இது லேசா இல்ல சார்."

உள்ளேயிருந்து மகள் ஷூ இரண்டையும் வெளியே கொண்டுவந்து, காலணிகள் கும்பலாய்க் கிடந்த வாசலில் ஓர் ஓரமாக, ஜோடி சேர்த்து வைத்தாள். தலைமையாசிரியையைப் பார்த்ததும் கை தானாகப் பின்னலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. இரண்டு பின்னலும் சரிசமம். வகிடு நேராக இருந்தது. காலையில் எல்லோரும் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, பக்கத்து வீட்டில் இருந்தவளுக்கு யார் பின்னி விட்டார்கள் என்று அவன் யோசிக்கவே இல்லை. யாரும் பின்னி விடவில்லை.

மகள் உள்ளே போகும்வரை காத்திருந்தான்.

"மேடம், அந்தத் தலை பின்ற ரூல்... அது ஸ்கூல் ரூலாவே இருக்கட்டும்."

"இருக்கட்டும் சார்."

"ரொம்ப நன்றி மேடம்."

அன்று அவன் அறிந்து சொன்ன முதல் வார்த்தை அது. அவர் தலையசைத்துவிட்டு, வந்தது போலவே நேராக நடந்து போனார்.

மூன்று மணிக்கு வண்டி வந்தது. ஐந்தரைக்குத் திரும்பி வந்தார்கள். கூடம் பெரிதாகத் தெரிந்தது. அக்கா ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

மகள் அவன் முன்னால் ஒரு வெள்ளைத் தாளும் நீலப் பேனாவும் ஸ்கேலும் கொண்டுவந்து வைத்தாள். அவன் எழுதினான். அவள் வாங்கிப் பார்த்தாள்.

"மார்ஜின் விடலப்பா."

இன்னொரு தாள். இந்த முறை ஸ்கேல் வைத்துக் கோடு போட்டான். அவள் விரல் வைத்துப் படித்தாள்.

"தவிர்க்க முடியாத காரணத்தால்னு எழுதியிருக்க. திருப்பி அனுப்பிடுவாங்க. என்ன காரணம்னு எழுதணும்."

"தெரியும்மா அவங்களுக்கு."

"தெரிஞ்சாலும் எழுதணும். அம்மா எழுதுவாங்க."

காலையிலிருந்து அந்த வீட்டில் யாரும் அந்தக் காரணத்தை நேராகச் சொல்லவில்லை. போயிட்டா என்றார்கள். முடிஞ்சிருச்சு என்றார்கள். அவன் அதுவும் சொல்லவில்லை. மூன்றாவது தாளை எடுத்தான். கோடு போட்டான். தேதி போட்டான். பேனா கொஞ்ச நேரம் தாளுக்கு மேலேயே நின்றது. பிறகு எழுதினான்.

"காரணம்: குழந்தையின் தாய் இன்று காலை இறந்துவிட்டார்."

மகள் படித்தாள். கடைசி வரியின் கீழ் விரல் வெகுநேரம் இருந்தது. அவன் கையை அவள் தோளில் வைத்தான். அவள் தோள் குலுங்கியது. கண்ணீர் தாளில் விழுந்துவிடாமல் தாளை மட்டும் தள்ளிப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் ஆனது.

"சரியா இருக்குப்பா," என்றாள்.

தாளை மூன்றாக மடித்து, மடிப்பைக் கட்டைவிரல் நகத்தால் ஒரு தேய்ப்புத் தேய்த்தாள். அந்தத் தேய்ப்பு அவனுக்குத் தெரிந்த தேய்ப்பு. பையின் முன் ஜிப்பில் வைத்து மூடினாள்.

அக்கா காபி கொண்டுவந்து வைத்தாள். "திங்கக்கிழமை எத்தனை மணிக்குடா வரட்டும், கூட்டிட்டுப் போக?"

"வேணாம்க்கா. இவளுக்கு ஏழே முக்காலுக்கு ஸ்கூல். நான் விட்டுடுறேன்."

"நீயா? நீ என்னைக்குடா நேரத்துக்கு எந்திரிச்சிருக்க?"

அவன் எழுந்து படுக்கையறைக்குப் போனான். அலாரக் கடிகாரம் எப்போதும் மனைவியின் தலைமாட்டில்தான் இருக்கும். அதை எடுத்துவந்து தன் பக்கம் வைத்தான். முள்ளை ஆறுக்குத் திருப்பினான்.

திங்கட்கிழமைக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது.