எட்டாவது இன்னிங்ஸ்

அப்பாவின் கண்களை மூட அதிதி கையை நீட்டியபோது, அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"மூடாதடி. அவன் போட்டு முடிக்கட்டும்."

மூச்சு நின்று ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இர்விங் நகர அபார்ட்மெண்டின் ஹாலில், கடைசி நாட்களுக்கென்று ஹாஸ்பிஸ் கொடுத்த கட்டிலில், டிவியைப் பார்த்தபடியே அப்பா வெங்கடாசலம் போய்விட்டார். டிவியில் சியாட்டில் மைதானம், பேஸ்பால் ஆட்டம், ஒன்பதில் ஆறாவது இன்னிங்ஸ். பந்தெறியும் பிட்சர்கள் காத்திருக்கும் பெஞ்சின் கோடியில் தம்பி நவநீத் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான்.

அவன் பெரிய லீகுக்கு வந்து மூன்றே நாள். யாரோ ஒருவன் பிள்ளை பிறப்புக்கு லீவில் போனதால் இவனை அழைத்திருந்தார்கள். நாளை அந்த ஆள் திரும்புகிறான். இன்று இறக்கிவிட்டால் உண்டு, இல்லையென்றால் மறுபடியும் சின்ன ஊர்களுக்குப் பஸ் ஏற வேண்டியதுதான். காலேஜ் முடித்து ஆறு வருஷம் அந்தப் பஸ்ஸில்தான் போயிற்று.

அவசரத்துக்கென்று டீம் கொடுத்த நம்பர் அதிதியின் போனில் இருந்தது. தட்டினால் அவனை உடனே வெளியே கூப்பிட்டுவிடுவார்கள். தட்டாவிட்டால்? அப்பா செத்துக் கிடக்க நான் பந்து போட்டேனா என்று ஆயுசுக்கும் கேட்பான். அவளிடம்தான் கேட்பான்.

"சொல்லிடலாம்மா. சொல்லலன்னா என்னை மன்னிக்கவே மாட்டான்."

"அப்பா காலைல என்ன சொன்னாரு? அவன் போட்டு முடிக்கற வரைக்கும் யாரும் கால் பண்ணக் கூடாதுன்னாரா இல்லையா?"

"இன்னிக்கு அவனை எறக்குவாங்களான்னே தெரியாதேம்மா!"

அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அழுகைச் சத்தம் பக்கத்து வீட்டு நாகரத்தினம் ஆன்ட்டி காதில் விழுந்தால் போதும், அரை மணியில் குடும்ப வாட்ஸப்பில் நூறு பேர் கை கூப்பியிருப்பார்கள். பிறகு பட்டனை அழுத்திக் கட்டிலின் தலைமாட்டைக் கொஞ்சம் உயர்த்தினாள், டிவி நேராகத் தெரியும்படி.

அப்பாவின் கால்மாட்டில் அந்தப் பழைய கிளவுஸ் கிடந்தது. நவநீத்துக்கு ஆறு வயதில் வாங்கியது. கிரிக்கெட்டிலேயே ஊறிய மனுஷன், வலது கைப் பிள்ளைக்கு வலது கையில் மாட்டும் கிளவுஸ் வாங்கி வந்துவிட்டார். எறிகிற கைக்குக் கிளவுஸ் கிடையாது என்பது அவருக்கு எப்படித் தெரியும்? பில்லையும் தொலைத்திருந்தார். மாற்ற முடியாமல், பிள்ளை இடது கையால் எறியப் பழகினான். எழுதுவதும் சாப்பிடுவதும் வலது கை, எறிவது மட்டும் இடது. இடது கைக்காரன் கிடைக்க மாட்டானா என்று ஸ்கூல் டீமிலும் காலேஜிலும் அலைந்தார்கள். பெரிய லீகில் கேட்கவே வேண்டாம். "எல்லாம் ப்ளான் பண்ணித்தான் வாங்கினேன்," என்று அப்பா கூசாமல் புளுகுவார்.

ஏழாவது இன்னிங்ஸ் முடிந்தது. அவனைக் கூப்பிடவில்லை. அதிதி அப்பாவின் விரல்களைத் தொட்டாள். சில்லிட்டிருந்தன. நம்பரைத் தட்டப் போனாள்.

அப்போது மைதானத்தின் ஓரக் கதவு திறந்தது. நவநீத் ஓடி வந்தான்.

"ஏங்க, அவன் எறங்கிட்டான்!" அம்மா அப்பாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். உலுக்கிய கையை அப்படியே வைத்துக்கொண்டாள்.

முதல் நான்கு பந்தும் விலகிப் போயின. நான்கு விலகினால் அடிக்காமலே முதல் தளம் கிடைக்கும்; எதிராளி நடந்தே அங்கே போனான்.

"என்னடி, வைடா?"

"வைடு மாதிரிதான்மா."

பெஞ்சிலிருந்து கோச் எழுந்து நின்றார். எடுத்துவிடுவாரோ? அடுத்து வந்தவன் தரையோடு அடித்தான்; பந்தை மடக்கி ஒரே வீச்சில் இரண்டு பேரையும் அவுட் ஆக்கினார்கள். கடைசி ஆள் மூன்று முறை மட்டையைச் சுழற்றினான், மூன்று முறையும் காற்றைத்தான் அடித்தான். மூன்றாவது அவுட்; எட்டாவது இன்னிங்ஸும் அவன் வேலையும் முடிந்தன.

அம்மா உள்ளங்கையால் அப்பாவின் இமைகளை மெல்ல இழுத்து மூடினாள்.

"இப்ப பண்ணு."

இரண்டாவது மணியிலேயே ஒரு ஆண் குரல் எடுத்தது. அதிதி சொன்னாள். அந்தக் குரல் வருத்தம் தெரிவித்தது, இதோ அவனிடம் கொண்டுபோய்த் தருகிறேன் என்றது. போனை எடுத்துக்கொண்டு நடக்கும் காலடி கேட்டது.

டிவி எப்போதும் சில நொடி தாமதமாகத்தான் வரும். அதில் நவநீத் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். ஒவ்வொருவராக வந்து முதுகில் தட்டினார்கள். வலது கையிலிருந்து கிளவுஸைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.