ஏழு பூஜ்யங்கள்

என் பியூட்டி பார்லருக்கு வருகிறவர்கள் தலையை மட்டும் என் கையில் கொடுப்பதில்லை, வீட்டுக் கதையையும் சேர்த்துத்தான் கொடுப்பார்கள். எனக்கும் அது தோதாகத்தான் இருந்தது. அடுத்த வீட்டில் குக்கர் ஏன் இன்று சீக்கிரம் விசில் அடித்தது என்று யோசிக்கிற ஆள் நான். என் வீட்டுக்காரர் இதை வியாதி என்பார். அந்த வியாதிக்குத்தான் ஒருநாள் வேலை கிடைத்தது.

ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் உள்ள பெரிய ஆஸ்பத்திரியில் மார்பகப் புற்றுநோய்க்கு ஒரு புது மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஆய்வை நடத்தும் டாக்டரம்மா நேராக என் கடைக்கே வந்து, முடி வெட்டுகிற நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

"பாதைக்கு இந்தப் பக்கத்துலேருந்து ஒருத்தர்கூட இந்த ஆய்வுல இல்லைங்க. உங்க ஆளுங்களுக்கு இந்த அளவு சரியா, கூடவா, குறைச்சலானு எங்களுக்குத் தெரியாது. நாங்க கூப்பிட்டா யாரும் வரலை. நீங்க கூப்பிட்டா வருவாங்களாம்."

"யார் சொன்னது?"

"நான் கேட்ட எல்லாருமே."

எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. கழுத்தில் அட்டை, வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை, தொடர்பாளர் என்று ஒரு பட்டம். ஆறு மாதத்தில் எங்கள் பக்கத்திலிருந்து அந்த நோய் வந்த ஏழு பெண்களைச் சேர்த்துவிட்டேன். அதில் ஒருத்தி என் நாத்தனார், என் வீட்டுக்காரரின் தங்கை. துணி திருத்தும் கடையில் தையல் வேலை. அவள் ஜிப் மாற்றினால் மாற்றிய இடம் எதுவென்று கடைக்காரருக்கே தெரியாது.

சேர்ந்தவர்கள் வாராவாரம் ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து ஏற்றிக்கொண்டு ஒரு ஃபாரம் நிரப்ப வேண்டும். வாந்தி, அசதி, விரல்கள் மரத்துப்போவது என்று ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து பத்து வரை ஓர் எண். ஒரு காலை டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டுக் கணினியைத் திருப்பிக் காட்டினார். பெயர்கள் இல்லை, பகுதிகள் மட்டும். மற்ற பகுதிக்காரர்கள் விரல் மரத்துப்போவதற்கு மூன்று, ஐந்து, ஆறு என்று போட்டிருந்தார்கள். எங்கள் ஏழு பேரும் பூஜ்யம். கடைசிப் பதினொரு வாரமும் பூஜ்யம்.

"உங்க பக்கத்து ஆளுங்களுக்கு நரம்பு பாதிக்கவே இல்லை போலிருக்கு! அடுத்த மாசக் கூட்டத்துல சொல்லப் போறேன். இனிமே அங்கேருந்து வர்றவங்களுக்கு அளவைக் கூட்டிக் குடுக்கலாமான்னுகூட யோசனை இருக்கு."

பெருமையாகத்தான் இருந்தது, ரயில் மேம்பாலத்தின் பாதிப் படி ஏறும்வரை. அங்கே என் வியாதி தலைதூக்கியது. ஏழு பேருக்குமா? அதில் லைப்ரரி அக்கா ஒருத்தி. அவளைக் கொசு கடித்தால் தெருவுக்கே தெரியும். அவளுமா பூஜ்யம்?

எப்படிக் கண்டுபிடிப்பது? நேராகக் கேட்டால் பூசி மெழுகுவார்கள். எனக்குத் தெரிந்த வழி கைதான். ஏழு பேருக்கும் இலவசமாக நகம் திருத்தி விடுகிறேன் என்று சொல்லியனுப்பினேன்.

முதலில் வந்தவள் நாத்தனார். கிண்ணத்தில் வெந்நீரை ஊற்றி, பச்சைத் தண்ணீர் கலக்கத் திரும்பினேன். அதற்குள் அவள் இரண்டு கையையும் உள்ளே விட்டுவிட்டுத் தன் முதலாளியைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டிருந்தாள். நான் ஒரு விரலை வைத்தேன். உயிர் போகிற சூடு. அவள் கைகளை வெடுக்கென்று வெளியே இழுத்தேன். சிவந்திருந்தன.

"சுடலையாடி?"

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். "சுட்டுச்சு அண்ணி."

கண்ணை மூடச் சொல்லி அவள் உள்ளங்கையில் ஒரு பொருளை வைத்தேன். விரலால் உருட்டினாள், அழுத்தினாள். நெற்றி சுருங்கியது.

"சட்டை பட்டன்."

நான் வைத்தது மூடிய சேஃப்டி பின். நாளெல்லாம் அதைக் கையில் வைத்துப் புழங்குகிறவள். எவ்வளவு கேட்டும் அவள் பிடி கொடுக்கவில்லை, கண் மங்கலாயிடுச்சு என்றாள். மூடின கண்ணுக்கு என்ன மங்கல்?

மாலைக்குள் மற்ற ஆறு பேரையும் பார்த்துவிட்டேன். நாலு பேருக்கு சேஃப்டி பின்னும் சட்டை பட்டனும் கையில் ஒன்றாகவே இருந்தன. கடைசியில் வந்த லைப்ரரி அக்காவிடம் நேராகவே கேட்டேன்.

"ரெண்டு மாசமா பஞ்சு மேல நடக்கிறாப்பல இருக்கு. புத்தகத்துல பக்கம் திருப்ப வரலை" என்றாள்.

"ஏன்க்கா எழுதலை?"

"நல்லா இருக்கே! நீதானே எழுதாதேன்னு சொன்னே?"

"நானா?"

"சேர்ந்த அன்னிக்கு, இதே நாற்காலியில. 'சின்னச் சின்னதுக்கெல்லாம் புலம்பாதீங்க, நம்ம பக்கத்து ஆளுங்க தாங்க மாட்டாங்கன்னு பேராயிடும், மருந்தை நிறுத்திடுவாங்க'ன்னே. ஏழு பேர்கிட்டயும் அதையேதான் சொல்லியிருக்கே. நாங்க பேசிக்கிட்டோம்."

எனக்கு அது நினைவே இல்லை. தலை வாரிக்கொண்டே சொல்லியிருப்பேன். ஊர் வாயை எல்லாம் கவனிக்கிற எனக்கு என் வாய் என்ன சொன்னது என்று தெரியவில்லை. அன்றைக்கு வெட்கப்பட்டதுபோல் என் வாழ்நாளில் வெட்கப்பட்டதில்லை.

மறுநாள் நாத்தனாரின் கடைக்குப் போனேன். ஜிப் வேலையெல்லாம் பக்கத்து மெஷின்காரியிடம் போயிருந்தது. அவள் நேர்த்தையல் மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினாள்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க அண்ணி. கட்டி பாதியா சுருங்கிடுச்சு, ஸ்கேன்ல நீங்களும்தானே பாத்தீங்க. இப்போ நிறுத்திட்டா நான் என்ன பண்ணுவேன்? விரல் போனா போகட்டும். உசுரு வேணும் எனக்கு."

என் காலைப் பிடிக்காத குறைதான். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவளுக்கு மருந்து தொடரும். அவள் சொன்னதில் எனக்குத் தப்பும் தெரியவில்லை.

"நம்ம பூஜ்யத்தை நம்பி, இனிமே நம்ம பக்கத்துலேருந்து வர்றவளுக்கு இன்னும் அதிகமா போடலாமான்னு யோசிக்கிறாங்கடி" என்றேன்.

அவள் மெஷினிலிருந்து துணியை உருவி ஓரமாக வைத்தாள். "இதை முதல்ல சொல்றதுக்கென்ன?" என்று எரிந்து விழுந்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நாங்கள் சொன்னதை முழுவதும் கேட்டார். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"நிறுத்திடுவோம்னு இவங்ககிட்ட யார் சொன்னது?"

"நான்தான்."

அவர், சேரும்போது கையெழுத்துப் போடுகிற சம்மத ஃபாரத்தின் நாலாவது பக்கத்தை எடுத்து எங்கள் முன் வைத்தார். மரத்துப்போனால் முதலில் அளவை ஒரு படி குறைப்பார்கள், மருந்து தொடரும், நிறுத்துவது கடைசியில்தான் என்று அங்கே தெளிவாகவே இருந்தது. நான் படித்த பக்கம்தான். சுருக்கிச் சொல்கிறேன் பேர்வழி என்று கடைசி வார்த்தையை மட்டும் ஊருக்குக் கொண்டுபோயிருக்கிறேன்.

"ஆரம்பத்துலயே சொல்லியிருந்தா அப்பவே குறைச்சிருப்போம். இனிமே குறைச்சுத் தொடருவோம்" என்றார் நாத்தனாரிடம். பிறகு என்னைப் பார்த்து, "உங்களை மட்டும் சொல்லிப் பிரயோஜனமில்லை. ஏழு பூஜ்யத்தைப் பாத்ததும் நானும் சந்தோஷப்பட்டேன். ஒருத்தர் கையைக்கூடச் சரியாத் தொட்டுப் பாக்கலை" என்றார்.

"விரல்ல உணர்ச்சி திரும்புமா டாக்டர்?" என்றாள் நாத்தனார்.

"நிறைய பேருக்கு மாசக்கணக்குல மெதுவா திரும்பும். உங்களுக்குத் திரும்பும்னு என்னால வாக்குக் குடுக்க முடியாதும்மா."

வெளியே நீளப் பெஞ்சில் உட்கார்ந்து நான் விக்கி விக்கி அழுதேன். நாத்தனார் அழவில்லை.

"உங்க மேல எனக்குக் கோவம்தான் அண்ணி. லேசுல ஆறாது. புதன்கிழமை புதுசா ஒருத்தி சேர வர்றாளாமே?"

"ஆமா."

"நானும் வந்து உக்காருறேன்."

புதன்கிழமை என் கடைக்கு வந்தவள் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவள். பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்ததும் கேட்டாள். "இதனால கைகாலுக்கு எதுவும் ஆகாதில்ல? நான் ஸ்டியரிங் பிடிக்கிறவங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் தன் வலது கையை நீட்டினாள்.

"கிள்ளுங்க."

"எதுக்குங்க?"

"சும்மா கிள்ளுங்க. நல்லா."

அவள் தயங்கித் தயங்கி ஆள்காட்டி விரலின் நுனியைக் கிள்ளினாள். அப்புறம் நகம் பதியக் கிள்ளினாள். நாத்தனாரின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"வலிக்கலையா?"

"இல்லை. இதைத்தான் பதினொரு வாரமா யார்கிட்டயும் சொல்லாம இருந்தேன். கட்டி சுருங்கிடுச்சு, அதுவும் நிஜம்தான். ரெண்டையும் தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க."

வேன்காரி அந்த விரலை விடவில்லை. இன்னொரு கையால் சம்மத ஃபாரத்தை என் பக்கம் தள்ளினாள்.

"ஒரு வரி விடாம படிங்க" என்றாள்.